காக்டெயில் வாங்கும் முன் ஆணா பெண்ணா என்று கண்டறிவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கடையில் காக்டெயில் (cockatiel) என்னும் கொண்டைக் கிளிகள் உள்ள கூண்டின் முன் நின்று "இதில் ஆண் எது, பெண் எது?" என்று கேட்டால் விற்பவர் யோசிக்காமல் விரலை நீட்டுவார். அவர் காட்டுவது ஒரு வயது தாண்டிய சாம்பல் நிறப் பறவை என்றால் பெரும்பாலும் சரியாகவே சொல்லியிருப்பார். அதுவே மூன்று மாதக் குஞ்சாகவோ, வெள்ளை வெளேரென்ற ஆல்பினோவாகவோ இருந்தால் பூவா தலையா போட்ட கதைதான். காக்டெயிலில் பாலினம் தெரியும் இடம் நிறத்துக்கு நிறம் மாறும், வயதுக்கு வயது மாறும். அதனால் ஆணா பெண்ணா என்று கேட்பதற்கு முன் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். இது என்ன நிற வகை? இதற்கு வயது என்ன?

எதற்காக வாங்குகிறீர்கள்?

ஒற்றைப் பறவையாக, கையில் பழகும் செல்லமாக வளர்க்கப் போகிறீர்கள் என்றால் இதற்காக மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. சின்ன வயதிலிருந்து பழக்கினால் இரண்டுமே தோளில் வந்து உட்காரும். ஆண் நீளமாக விசிலடிக்கும், அடிக்கடி கேட்ட மெட்டைத் திருப்பி அடிக்கும், சில ஆண்கள் ஓரிரு சொற்களும் பேசும். அடுக்குமாடி வீட்டில் விடிந்ததும் அந்த விசில் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பெண் பொதுவாக அமைதி. ஆனால் ஆண் துணை இல்லாமலேயே முட்டை இடக்கூடியது. தொடர்ந்து இட ஆரம்பித்தால் உடம்பிலுள்ள கால்சியம் கரைந்துபோகும். முட்டை வெளிவராமல் சிக்கிக்கொண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் ஓட வேண்டியிருக்கும். பெண் பறவை வைத்திருப்பவர் கூண்டில் கால்சியத்துக்காகக் கடல் நுரை (கணவாய் ஓடு) ஒன்றை எப்போதும் தொங்கவிட்டிருக்க வேண்டும்.

துணைக்கு இரண்டு வேண்டும், குஞ்சு வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு ஆண்கள் வசதி. குஞ்சு எடுப்பதற்காக ஜோடி வாங்குபவர்களுக்குத்தான் பாலினம் நூற்றுக்கு நூறு உறுதியாகத் தெரிய வேண்டும். இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி அவர்களுக்கானது.

படி 1: வயதை முதலில் பிடியுங்கள்

ஆணாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும் காக்டெயில் குஞ்சுகள் எல்லாமே பெண் போலத்தான் இருக்கும். ஆணுக்குரிய முகமும் வாலும் முதல் இறகு உதிர்ப்பில்தான் வருகின்றன. அது ஏறக்குறைய ஆறாவது மாதத்தில் தொடங்கி, முடிய ஒன்பது மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும். முகம் முதலில் மாறும், வாலின் நீண்ட இறகுகள் கடைசியில் மாறும். ஆகவே ஆறு மாதத்துக்குட்பட்ட பறவையின் தோற்றத்தை வைத்து "இது பெண்" என்று சொல்ல எவராலும் முடியாது.

பத்து வாரத்துக்குட்பட்ட குஞ்சைக் கண்டுபிடிப்பது எளிது. கொண்டை குட்டையாக, மெலிந்து, நேராக நிற்கும். வால் இன்னும் முழு நீளம் வந்திருக்காது. மூக்குத் துளையைச் சுற்றியுள்ள சதை இளஞ்சிவப்பாக இருக்கும். சாம்பல் நிற வகையில் அலகும் வெளிறியே தெரியும். ஆளைக் கண்டதும் தலையை ஆட்டி ஆட்டி இரை கேட்கும்.

சிக்கல் மூன்று மாதத்துக்கும் ஆறு மாதத்துக்கும் இடையில்தான். வால் முழுதாக வளர்ந்துவிடும், உடம்பும் பெரிய பறவை அளவுக்கு வந்துவிடும், ஆனால் முகமும் வால் கோடுகளும் குஞ்சினுடையவை. வயது வந்த பெண்ணும் நான்கு மாத ஆணும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். ஒரு வயதுப் பெண் என்று வாங்கிய பறவை, வீட்டுக்கு வந்து மூன்று மாதத்தில் முகம் மஞ்சளாகி விசிலடிக்கத் தொடங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். விற்றவர் ஏமாற்ற நினைத்திருக்க வேண்டும் என்பதில்லை, அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம்.

வயதுக்கு நம்பகமான சாட்சி காலில் உள்ள மூடிய வளையம். குஞ்சுக்கு ஏறக்குறைய பத்து நாள் ஆகும்போது, விரல்கள் இன்னும் மடங்கும் அளவில் இருக்கையில், இணைப்பே இல்லாத முழு வளையத்தைப் பாதத்தின் வழியே ஏற்றிவிடுவார்கள். அதன்பின் பாதம் பெருத்துவிடுவதால் வளையத்தை வெட்டினால்தான் கழற்ற முடியும். பல வளர்ப்பாளர்கள் அதில் வருடத்தையும் வரிசை எண்ணையும் பொறிக்கிறார்கள். வளையத்தை விரலால் மெல்லச் சுற்றிப் பாருங்கள். எங்காவது பிளவோ மடிப்போ தெரிந்தால் அது திறந்த வளையம். எந்த வயதிலும் மாட்டலாம், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வயதுக்கு அது சாட்சி ஆகாது.

படி 2: நிறத்தைப் பார்த்து, பார்க்க வேண்டிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

காக்டெயிலின் நிறம் இரண்டு வகை நிறமிகளால் வருகிறது. ஒன்று மெலனின், சாம்பலும் கறுப்பும் பழுப்பும் இதன் வேலை. மற்றொன்று மஞ்சளும் கன்னத்து ஆரஞ்சும் தரும் நிறமி. பெண்ணின் வாலுக்கு அடியில் தெரியும் குறுக்குக் கோடுகள், இந்த இரண்டும் மாறி மாறி அமைவதால் வருபவை. எந்த நிற வகையில் எந்த நிறமி இல்லாமல் போகிறது என்று தெரிந்தால், அந்த வகையில் எந்தச் சோதனை செல்லும், எது செல்லாது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

சாம்பல்: இயற்கையான நிறம், இருப்பதிலேயே எளிதானது. வயது வந்த ஆணின் முகம் பளிச்சென்ற மஞ்சள், அதில் கன்னத்து ஆரஞ்சு வட்டம் அழுத்தமாக எழுந்து தெரியும். வாலின் அடிப்பக்கம் கோடு எதுவும் இல்லாமல் ஒரே சீரான கருஞ்சாம்பல். பெண்ணின் முகத்தில் மஞ்சள் இருந்தாலும் அதன்மேல் சாம்பல் படர்ந்து மங்கியிருக்கும், கன்ன வட்டமும் மங்கல். வால் அடியில் மஞ்சளும் சாம்பலுமாக நெருக்கமான குறுக்குக் கோடுகள். சிறகை விரிக்கும்போது உள்பக்கம் வரிசையாக வெளிர்மஞ்சள் புள்ளிகள் தெரியும். வயது வந்த ஆணில் இந்தப் புள்ளிகள் மறைந்துவிடும்.

வாலை மேலிருந்து பார்த்துப் பயனில்லை, அடிப்பக்கம்தான் கணக்கு. பறவை கூண்டுக் கம்பியில் தொற்றி ஏறும்போது பின்னாலிருந்து குனிந்து பாருங்கள், அல்லது கைபேசியைக் கீழே பிடித்து மேல்நோக்கிப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நடு இறகுகளைவிட ஓரத்து இறகுகளில் கோடு தெளிவாக விழும். மஞ்சள் குண்டு பல்பு எரியும் கடையில் மங்கல் மஞ்சளும் பளிச் மஞ்சளும் ஒன்றுபோல் தெரியும் என்பதால், பகல் வெளிச்சத்துக்குக் கூண்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கையில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும் என்றால் விற்பவரையே பிடிக்கச் சொல்வது நல்லது. நீங்கள் பிடிப்பதானால் ஒரு மெல்லிய துண்டால் பின்பக்கமாகப் போர்த்தி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தலையின் இரு பக்கமும் வர, மற்ற விரல்கள் உடம்பைத் தளர்வாகச் சுற்றியிருக்கும்படி பிடியுங்கள். நெஞ்சை அழுத்தவே கூடாது. பறவைக்கு உதரவிதானம் கிடையாது; நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு உள்ளே போகும். ஒரு நிமிடத்துக்குள் வேலையை முடியுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே விட்டுவிடுங்கள்.

ஏழெட்டு மாதப் பறவையின் வாலில் சில இறகுகள் கோடுகளோடும் சில வெறுமையாகவும் இருக்கலாம். அப்போது தீர்ப்பு சொல்வது புதிதாக முளைத்த இறகுதான். அது பளபளப்பாக, நுனி தேயாமல் இருக்கும். சாம்பல் பறவையில் கோடில்லாத ஒரே ஒரு புதிய ஓரத்து வால் இறகு வந்திருந்தாலும் அது பெரும்பாலும் ஆண். மாறாக, பழைய இறகில் கோடு இருப்பது எதையும் நிரூபிக்காது. சில ஆண்கள் ஒரு வயது தாண்டியும் ஓரிரண்டு பழைய கோட்டு இறகுகளை வைத்துக்கொண்டிருக்கும்.

சினமன்: சாம்பலுக்குப் பதில் இளம்பழுப்பு. முகம், வால், சிறகுப் புள்ளி எல்லாச் சோதனைகளும் சாம்பலைப் போலவே செல்லும். கோடுகள் சற்று வெளிறித் தெரியும், அவ்வளவுதான்.

வொயிட்ஃபேஸ்: மஞ்சள் நிறமி இல்லாததால் கன்னத்து ஆரஞ்சும் இருக்காது. இதுவும் எளிதான வகைதான். வயது வந்த ஆணின் முகம் முழு வெள்ளை; பெண்ணின் முகம் சாம்பல், அங்கங்கே வெள்ளைக் கீற்று இருக்கலாம். வால் கோடுகள் சாம்பலும் வெள்ளையுமாக இருக்கும்.

லுட்டினோ: வெளிர்மஞ்சள் உடம்பும் சிவந்த கண்ணும் கொண்ட, நம் ஊர்க் கடைகளில் அதிகம் விற்கும் வகை. இங்கே மெலனின் இல்லை. அதனால் ஆண் பெண் இரண்டின் முகமும் மஞ்சள், இரண்டின் கன்ன வட்டமும் பளிச். முகத்தைப் பார்த்துப் பயனே இல்லை. ஆனால் வால் கோடுகள் முழுதாக மறைவதில்லை. சாம்பல் பகுதி வெளிறிப் போய்விடும், மஞ்சள் பகுதி அப்படியே இருக்கும். ஆக வெள்ளையின் மேல் மெல்லிய மஞ்சள் கோடு. சாதாரணமாகப் பார்த்தால் கண்ணுக்குப் படாது. வாலை விசிறிபோல் விரித்துப் பிடித்து, மேல்பக்கத்திலிருந்து கைபேசி விளக்கை அடித்து, அடியிலிருந்து பாருங்கள். ஒரு வயது தாண்டிய பறவையில் மஞ்சள் வரிகள் ஏணிப்படி போல் வரிசையாகத் தெரிந்தால் பெண். வரியே இல்லாமல் சீராக இருந்தால் ஆண். வெயிலில் பார்ப்பதைவிட நிழலில் விளக்கு அடித்துப் பார்ப்பது தெளிவு. அழுக்கு படிந்த வாலில் எதுவும் தெரியாது. கூண்டு அடியில் உதிர்ந்து கிடக்கும் வால் இறகு கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் அந்தக் கூண்டில் அந்தப் பறவை ஒன்று மட்டும் இருந்திருக்க வேண்டும்.

லுட்டினோக்களில் கொண்டைக்குப் பின்னால் வழுக்கை விழுந்திருப்பதை ஆண் அடையாளம் என்று சொல்வார்கள். அது அந்த நிற வகையின் பரம்பரைக் குறை, இரண்டிலும் வரும்.

பேர்ல்: ஒவ்வொரு இறகின் நடுவிலும் வெளிர்நிறம் விழுந்து, முதுகெல்லாம் முத்து பதித்தது போல் இருக்கும் வகை. இதில் வாலை விடுங்கள். பேர்லில் வால் இறகுகள் மஞ்சளாகவே வருவது சகஜம், கோட்டை நம்ப முடியாது. முத்துகளையே பாருங்கள். பெண் வாழ்நாள் முழுக்க முத்துகளோடு இருக்கும். ஆணுக்கு முதல் இறகு உதிர்ப்பிலிருந்து மெலனின் கூடி, முத்துகளை மூடிக்கொண்டே வந்து, கடைசியில் சாதாரணச் சாம்பல் ஆண் போல ஆகிவிடும். ஆக ஒன்றரை வயது தாண்டிய பறவை முதுகு நிறைய முத்துகளோடு இருந்தால் அது பெண் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். எட்டு மாதப் பறவையின் தோளிலும் முதுகிலும் முத்துகள் திட்டுத் திட்டாகக் காணாமல் போய், அங்கே சாம்பல் இறகு வந்திருந்தால் ஆண். பைட் கலந்த பேர்லில் சில ஆண்கள் கொஞ்சம் முத்துகளை விடாமல் வைத்துக்கொள்வதுண்டு. அங்கே அவசரப்பட்டு முடிவுக்கு வர வேண்டாம். பேர்லின் அழகுக்காகவே ஆண் வாங்க நினைப்பவர், அந்த அழகு ஒரு வருடத்துக்குத்தான் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

பைட்: உடம்பில் ஆங்காங்கே மெலனின் விடுபட்டு, மஞ்சளும் சாம்பலும் திட்டுத் திட்டாக இருக்கும். எங்கே விடுபடும் என்பதற்குக் கணக்கே கிடையாது. வால் முழுக்க மஞ்சளாக இருந்தால் அது ஆண் என்பதாலா, அந்த இடத்தில் மெலனின் விழவில்லை என்பதாலா என்று சொல்ல வழியில்லை. முகமும் அப்படித்தான்: மெலனின் இல்லாத பெண்ணின் முகம் ஆணைவிடப் பளிச்சென்று இருக்கும். வாலில் சாம்பல் இறகுகள் நன்றாக இருந்து, அவற்றில் தெளிவான கோடும் இருந்து, வயதும் ஒன்றைத் தாண்டியிருந்தால் பெண் என்று ஓரளவு சொல்லலாம். மற்றபடி பைட்டில் கண்ணை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

ஆல்பினோ என்று விற்கப்படுவது லுட்டினோவும் வொயிட்ஃபேஸும் சேர்ந்த பறவை. மெலனினும் இல்லை, மஞ்சளும் இல்லை. வெள்ளையின் மேல் வெள்ளைக் கோடு என்ன விளக்கடித்தாலும் தெரியப்போவதில்லை. ஒலி, நடத்தை, தாய் தகப்பன் நிறம், டிஎன்ஏ தவிர வேறு வழி கிடையாது.

படி 3: தாயையும் தகப்பனையும் பார்க்கக் கேளுங்கள்

வாங்குபவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் வழி இது. குஞ்சு வயதிலேயே, ஒரு ரூபாய் செலவில்லாமல், சில சேர்க்கைகளில் முழு உறுதியாகப் பாலினம் சொல்லிவிடும்.

லுட்டினோ, பேர்ல், சினமன் ஆகிய மூன்று நிறங்களுக்கான மரபணுக்களும் பாலினக் குரோமோசோமில் இருக்கின்றன. மனிதர்களுக்கு நேர்மாறாக, பறவைகளில் ஆணுக்குத்தான் ஒரே மாதிரியான இரண்டு குரோமோசோம்கள்: இரண்டு இசட். பெண்ணுக்கு ஒரு இசட்டும் ஒரு டபிள்யூவும். நிற மரபணு இருப்பது இசட்டில். பெண் குஞ்சுக்கு உள்ள ஒரே இசட் தகப்பனிடமிருந்து வருகிறது. ஆண் குஞ்சு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று வாங்கிக்கொள்கிறது. இந்த நிறம் ஆணில் வெளியே தெரிய இரண்டு இசட்டிலும் மரபணு இருந்தாக வேண்டும், பெண்ணில் ஒன்றே போதும்.

இதிலிருந்து இரண்டு விதிகள்.

முதல் விதி: இந்த மூன்று நிறங்களில் ஒன்று குஞ்சில் தெரிகிறது, தாயிடம் அது இல்லை என்றால், அந்தக் குஞ்சு பெண். சாம்பல் தாயின் கூட்டிலிருந்து லுட்டினோ குஞ்சு வந்தால், தகப்பன் என்ன நிறமாக இருந்தாலும், அது பெண்தான்.

இரண்டாம் விதி: தகப்பனிடம் அந்த நிறம் இருக்கிறது, குஞ்சிடம் இல்லை என்றால், அந்தக் குஞ்சு ஆண். லுட்டினோ தகப்பன், சாம்பல் தாய் ஜோடியில் லுட்டினோக்கள் எல்லாம் பெண், சாம்பல்கள் எல்லாம் ஆண்; அந்த ஆண்கள் லுட்டினோவை மறைவாகச் சுமக்கும் ஸ்பிளிட் பறவைகள். குஞ்சு எடுப்பவர்கள் இந்த ஜோடியை விரும்பிச் சேர்ப்பதற்கு இதுவே காரணம்.

தாய் லுட்டினோ, தகப்பன் ஸ்பிளிட் என்றால் இரு பாலிலும் இரு நிறமும் வரும், எதுவும் சொல்ல முடியாது. தாய் தகப்பன் இரண்டுமே லுட்டினோ என்றால் குஞ்சுகள் எல்லாமே லுட்டினோ, அப்போதும் எதுவும் சொல்ல முடியாது. நம் ஊரில் லுட்டினோவை லுட்டினோவோடு சேர்ப்பதுதான் அதிகம் என்பதால் இந்த வழி எல்லா இடத்திலும் கைகொடுக்காது. பைட்டும் வொயிட்ஃபேஸும் பாலினக் குரோமோசோமில் இல்லாதவை, அவற்றுக்கு இந்த விதிகள் பொருந்தா.

விதிகள் தவறிப்போகும் இடங்களும் உண்டு. பல ஜோடிகளை ஒரே பெரிய கூண்டில் விட்டுக் குஞ்சு எடுப்பவரிடம் தகப்பன் எது என்பதே நிச்சயமில்லை. ஒரு ஜோடிக்கு ஒரு கூண்டு வைத்திருப்பவரிடம் மட்டும் இதை நம்புங்கள். தாய் லுட்டினோவாகவோ ஆல்பினோவாகவோ உடம்பெல்லாம் மஞ்சளான பைட்டாகவோ இருந்தால், அதனிடம் பேர்லோ சினமனோ இருந்தும் வெளியே தெரியாமல் போகலாம். அங்கே அந்த இரு நிறங்களுக்கு முதல் விதியைப் பயன்படுத்தாதீர்கள். கூண்டில் சாம்பலாக நிற்கும் தகப்பன் உண்மையில் முத்துகளை இழந்த பேர்ல் ஆணாகவும் இருக்கலாம், அதன் சின்ன வயதுப் படம் இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

சென்னையில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற இடங்களில் தாய் தகப்பனைப் பார்க்க வாய்ப்பில்லை, குஞ்சுகள் மட்டும்தான் வரும். வீட்டில் வைத்துக் குஞ்சு எடுப்பவரிடம் நேரில் போய் வாங்கும்போதுதான் இந்தப் படி உதவும்.

படி 4: காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

ஆண் குஞ்சுகள் மூன்று நான்கு மாதத்திலேயே பாட்டுப் பயிற்சியைத் தொடங்கிவிடும். ஏற்ற இறக்கத்தோடு, ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து அடிக்கும் விசில், இடையிடையே முணுமுணுப்பு. கூடவே சில சேட்டைகள்: சிறகுகளைத் தோளிலிருந்து சற்றே தூக்கி வைத்துக்கொள்ளும், பின்னாலிருந்து பார்த்தால் இதய வடிவம் போல் தெரியும். அப்படியே நிமிர்ந்து நடை போடும். கிண்ணம், கம்பி, மரக்கட்டை எது கிடைத்தாலும் அலகால் தட்டும். கண்ணாடியைப் பார்த்தும் தன் கால் விரலைப் பார்த்தும்கூடப் பாடும்.

பெண்ணின் குரல் பெரும்பாலும் ஒரே சுரத்தில் திரும்பத் திரும்ப வரும் அழைப்பு. இணை சேரும் பருவத்தில் குனிந்து வாலைத் தூக்கி, மெல்லிய "கீச் கீச்" ஒலி எழுப்பும்.

காலை நேரத்தில் போங்கள். இரண்டு மீட்டர் தள்ளி, நேராக முறைக்காமல், பதினைந்து இருபது நிமிடம் நில்லுங்கள். கூட்டமாக இருந்தால் எது பாடுகிறது என்று தெரியாது. நீங்கள் தேர்ந்த பறவையைத் தனிக் கூண்டில், மற்றவற்றின் குரல் கேட்கும் தூரத்தில் வைக்கச் சொல்லுங்கள். கைபேசியில் ஆண் காக்டெயில் பாட்டு ஒன்றை மெதுவாகப் போட்டுப் பார்க்கலாம்.

கோத்துப் பாடி, சிறகு தூக்கி நடை போட்டால் ஆண் என்பதற்கு வலுவான சான்று. பாடவில்லை என்பது எதற்கும் சான்று இல்லை. இடம் மாறிய பயத்தில் நல்ல பாட்டுக்கார ஆணும் இரண்டு வாரம் வாயைத் திறக்காது. விசிலடிக்கும் பெண்களும் அபூர்வமாக உண்டு.

படி 5: டிஎன்ஏ சோதனை

குஞ்சாக வாங்குபவருக்கும் பைட், ஆல்பினோ வாங்குபவருக்கும், தாய் தகப்பன் நிறம் கைகொடுக்காதபோது, உறுதியான வழி இது ஒன்றுதான். இசட், டபிள்யூ குரோமோசோம்களில் ஒரே மரபணு வெவ்வேறு நீளத்தில் இருப்பதை ஆய்வகத்தில் பெருக்கிப் பார்க்கிறார்கள்: ஒரே கோடு வந்தால் ஆண், இரண்டு கோடு வந்தால் பெண். வயது ஒரு பொருட்டே இல்லை.

சோதனை தவறுவது பெரும்பாலும் ஆய்வகத்தில் அல்ல, மாதிரி எடுக்கும்போதுதான். நெஞ்சுப் பகுதியிலிருந்து நான்கைந்து சிறு இறகுகளை வேரோடு பிடுங்க வேண்டும். கூண்டு அடியில் உதிர்ந்து கிடந்த இறகு ஆகாது, அதன் வேரில் போதுமான செல்கள் இருக்காது. வேர்ப்பகுதியை விரலால் தொடக்கூடாது. ஒவ்வொரு பறவைக்கும் தனித்தனிக் காகித உறை. பிளாஸ்டிக் பையில் ஈரம் கட்டும். ஒரு பறவை முடிந்ததும் கையைக் கழுவிய பிறகே அடுத்தது. நகத்திலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து அட்டையில் ஒற்றி அனுப்பும் முறையும் உண்டு. பழக்கப்பட்டவர் அல்லது மருத்துவர் செய்யட்டும்.

உறையின் மேல் வளைய எண்ணை எழுதுங்கள். விற்பவர் ஏற்கெனவே எடுத்த சான்றிதழைக் காட்டினால், அதிலுள்ள எண்ணும் பறவையின் காலிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வளையமே இல்லாத பறவைக்கு டிஎன்ஏ சான்றிதழ் என்பது வெறும் காகிதம். அது எந்தப் பறவையுடையது என்று யார் சொல்வது?

நம்பக் கூடாதவை

மூக்குச் சதையின் நிறத்தைக் காட்டி ஆண் பெண் சொல்பவர்கள் உண்டு. அது லவ் பேர்ட்ஸ் என்று நாம் அழைக்கும் பட்ஜிக்குத்தான் பொருந்தும்: அங்கே பெரும்பாலான நிறங்களில் ஆணுக்கு நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. காக்டெயிலுக்கு அந்தக் கணக்கு கிடையாது. கழுத்து வளையம் நம் பச்சைக்கிளி ஆணுக்கு உரியது (பச்சைக்கிளியை வீட்டில் வளர்ப்பது வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பது வேறு விஷயம்).

கொண்டை நீளம், தலை வடிவம், உடம்பின் பருமன், கடிக்கும் குணம், இவை எதிலும் சாரமில்லை. வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்புகளின் இடைவெளியை விரலால் தடவிப் பார்க்கும் முறை, முட்டையிடும் பருவத்திலுள்ள பெண்ணில் ஓரளவு சரியாக வரும். குஞ்சிலும் முட்டை இடாத பெண்ணிலும் இடைவெளி குறுகித்தான் இருக்கும், அதை ஆண் என்று சொல்லிவிடுவார்கள். வால் இறகைப் பிடுங்கி, புதிது எப்படி முளைக்கிறது என்று பார்ப்பதும் பழைய பழக்கம். பறவைக்கு வலி, வாரக்கணக்கில் காத்திருப்பு. அதற்கு டிஎன்ஏ சோதனையே மேல்.

"முட்டைமேல் இதுதான் உட்கார்ந்தது, அதனால் இது பெண்" என்பதும் காக்டெயிலில் செல்லாது. இரண்டும் மாறி மாறி அடைகாக்கும். பகலில் அதிகமும் ஆண், இரவில் பெண். மதியம் நீங்கள் கூடாக வைத்த பானைக்குள் எட்டிப் பார்க்கும்போது உட்கார்ந்திருப்பது தகப்பனாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

ஜோடியாக வாங்கும்போது

ஒன்றுக்கொன்று தலை கோதிக்கொள்கின்றன, ஒட்டி உட்காருகின்றன என்பதால் அது ஜோடி ஆகிவிடாது. இரண்டு ஆண்களும் அப்படி ஒட்டும், இரண்டு பெண்களும் ஒட்டும். இணை சேர்வது போல ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதும் உண்டு. "முட்டை வைத்த ஜோடி" என்று சொன்னால் எத்தனை முட்டை என்று கேளுங்கள். ஒரு பெண் ஒருநாள் விட்டு ஒருநாளாக, ஓர் ஈட்டில் சாதாரணமாக நான்கு முதல் ஏழு முட்டை வரை இடும். எட்டு, பத்து என்று குவிந்து, மூன்று வாரம் கடந்தும் ஒன்றுகூடப் பொரிக்கவில்லை என்றால், இரண்டுமே பெண்ணாக இருக்கலாம். குஞ்சு எடுத்த ஜோடி என்றால் பானையில் பெற்றோரோடு குஞ்சு இருக்கும் வீடியோவைக் கேளுங்கள். அதிலும் வளைய எண் தெரிய வேண்டும்.

ஒன்றரை வயதுக்குக் குறைந்த பெண்ணைக் குஞ்சு எடுக்கச் சேர்க்காதீர்கள். முட்டை சிக்கிக்கொள்ளும் ஆபத்து இளம் பெண்களில் அதிகம். ஆகவே ஆறு மாத ஜோடியை உடனே குஞ்சு எடுக்கலாம் என்று சொல்லி விற்பவரிடம் பாலினமும் உறுதியாகத் தெரிந்திருக்காது, பொறுப்பும் இருக்காது.

பணம் கொடுக்கும் முன் ஒரு துண்டுத் தாளிலோ வாட்ஸ்அப்பிலோ இவற்றை எழுதி வாங்குங்கள்: வளைய எண், நிற வகை, பிறந்த மாதம், தாய் தகப்பன் நிறம், விற்பவர் சொல்லும் பாலினம், டிஎன்ஏ வேறாகச் சொன்னால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார் என்பது. மாதிரியை எடுத்து முடிவு வரும்வரை பறவையை விற்பவரிடமே விட்டு, முன்பணம் மட்டும் கொடுப்பது இன்னும் நல்ல ஏற்பாடு. மாற்றித் தர மறுப்பவரிடம் குஞ்சு வாங்கலாம், ஆனால் "உறுதியான ஜோடி" என்று அவர் கேட்கும் கூடுதல் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு குஞ்சுகளின் விலையை மட்டும் கொடுங்கள்.